டெம்பரி என்று சொன்னார்கள்

போன மாதம் கடைவாய்ப் பல்லை அடைக்கப் போயிருந்தேன். பல் வைத்தியர் சின்னப் பெண், என் மகளைவிட இளையவளாக இருப்பாள். குடைந்து முடித்துவிட்டு, "அம்மா, இது டெம்பரரி அடைப்புத்தான். ரெண்டு கிழமையால வாங்க, நிரந்தரமாச் செய்வம்" என்றாள். வாய்க்குள் பஞ்சை வைத்துக்கொண்டு சிரித்தேன். சிரிக்கச் சிரிக்கக் கண்ணால் தண்ணீர் வழிந்தது. "கனக்க நோவுதா அம்மா?" என்று பதறினாள். அந்தப் பிள்ளைக்கு நான் என்னத்தைச் சொல்ல?

என் வயதுக்காரர்களே, உங்களுக்குச் சொன்னால் விளங்கும். பள்ளிக்கூடத்தில் எத்தனையோ ஆங்கிலச் சொற்களை உருப்போட்டோம். முக்கால்வாசி மறந்துபோயிற்று. இந்த ஒன்றை யாரும் கரும்பலகையில் எழுதிப் படிப்பிக்கவில்லை. சண்டைக் காலத்தில் வாவியைக் கடந்து வந்த கையோடு அதுவாக வந்து நாக்கில் ஒட்டிக்கொண்டது. டெம்பரரி என்பதுதான் சரியான உச்சரிப்பாம். எங்களுக்கு அது டெம்பரி. அகராதியில் தற்காலிகம் என்று போட்டிருக்கிறது. சரிதான். எத்தனை நாள் என்று போட இடம் போதவில்லைப்போலும்.

எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் எங்கள் ஊர். ஆனி மாதத்தில் ஒரு காலை தலைக்கு மேலே ஹெலி சுற்றத் தொடங்கியது. ஷெல் வயல் வட்டைக்குள் விழுந்தது. அறுவடைக்கு நின்ற நெல்லை அப்படியே விட்டுவிட்டு ஊர் முழுக்கத் துறைக்கு ஓடியது. அக்கா மட்டும் வாசலில் நின்றுகொண்டு தையல் மிசினையும் கொண்டுபோக வேண்டும் என்று அடம்பிடித்தாள்.

"மனிசர் நிக்க இடமில்ல, இதுக்குள்ள மிசினா? ரெண்டு நாளையில கிறுகி வந்திரலாம். உட்டுற்று வா புள்ள" என்று அப்பா அதட்டினார்.

அக்கா மிசினைச் சாக்கால் மூடி, நாலு பக்கமும் கயிற்றால் இறுக்கிக் கட்டினாள். அவளுடைய பதினெட்டாவது வயதுக்கு அப்பா வாங்கிக் கொடுத்தது அது. சக்கரத்தைச் சுற்றினால் தேனீ இரைகிறது போல ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தம் கேட்டால்தான் எனக்கு மத்தியானத்தில் நித்திரை வரும்.

இரண்டு கரைக்கும் நடுவே ஆட்களையும் வண்டிகளையும் ஏற்றிப் போகும் மிதவையை நாங்கள் பாதை என்போம். அன்று பாதையில் ஆடும் கோழியும் பிள்ளைகளும் கிழவர்களும் ஒன்றாக நெருக்கிக்கொண்டு கிழக்கே எழுவான்கரையில் போய் இறங்கினோம். ஒரு பள்ளிக்கூடம் தந்தார்கள். ஒரு வகுப்பறைக்கு ஆறு குடும்பம், நடுவில் சேலை மறைப்பு. சோக்குத்தூள் மணமும் கிணற்றுக்குப் போட்ட மருந்து மணமும் சிறுபிள்ளைகளின் மூத்திர மணமும் சேர்ந்த ஒரு காற்று. இன்றைக்கும் எந்தப் பள்ளிக்கூட வாசலில் நின்றாலும் அதைத்தான் முதலில் தேடுகிறது என் மூக்கு.

மூன்றாம் நாள், பெயர் பதிய ஒரு ஐயா வந்தார். மூக்குக் கண்ணாடி, வெள்ளைச் சேட்டு, நல்ல மனிதர். "பயப்படாதீங்க. இதெல்லாம் டெம்பரரி ஏற்பாடு" என்றார்.

"அப்பிடியெண்டா என்ன ஐயா?" என்று அப்பா கேட்டார்.

"கொஞ்ச நாளைக்கு மட்டும் எண்டு அர்த்தம்."

அப்பாவின் முகம் தெளிந்துபோயிற்று. வேகமாக வந்து அம்மாவிடம், "கொஞ்ச நாளைக்குத்தானாம். ஐயா இங்கிலீசில சொன்னாரு" என்றார். தமிழில் சொல்லியிருந்தால் அவ்வளவு நம்பியிருக்கமாட்டார்.

பிறகு பார்க்கவேண்டுமே! அரிசி எடுக்கத் தந்த காட் டெம்பரி காட். வெட்டிய கக்கூசு டெம்பரி கக்கூசு. பலாமரத்தடியில் எங்களுக்குக் கணக்குச் சொல்லித்தந்த பொடியன் டெம்பரி வாத்தியார். கோபித்துக்கொண்டால், "போடி, நீ எனக்கு டெம்பரிக் கூட்டாளிதான்" என்போம். அம்மா புளி இல்லாத நாளில் மாங்காயை வெட்டிப் போட்டு, "இண்டைக்கு டெம்பரிப் புளிதான், சத்தம் போடாமத் தின்னுங்க" என்பாள். பக்கத்து மறைப்பில் பிறந்த குழந்தைக்குப் பெயர் வைக்கத் தாமதமானதால் அதையும் டெம்பரி என்றே கூப்பிட்டோம். சிரித்துக்கொண்டுதான் கூப்பிட்டோம். அந்தப் பிள்ளை தவழ்ந்து, எழும்பி, நடந்தும்விட்டது.

நாலாம் மாதம் பள்ளிக்கூடத்தைத் திறக்கவேண்டும் என்று எங்களை வெளியே எடுத்தார்கள். வெள்ளை மணலில் நீலத் தார்ப்பாய்ப் படங்கு போட்ட கொட்டில்கள். பகலில் உள்ளே இருக்க ஏலாது, வேகும். அம்மா கொட்டிலின் ஓரத்தில் நாலு கொச்சிமிளகாய்க் கன்று நட்டாள். அப்பா அதைப் பிடுங்கி எறிந்துவிட்டார்.

"கொண்டுபோக ஏலாததை ஏன் நடுறாய்? நாம என்ன இஞ்ச குடியிருக்கவா வந்த?"

"கொச்சி காய்க்க எத்தின நாள் போகும்? அதுவரைக்கும் மனிசர் சோறு தின்னப் போறல்லியா?" என்றாள் அம்மா. கன்றை எடுத்துத் திரும்பவும் ஊன்றினாள். அது பிழைக்கவில்லை.

இனி அக்காவின் கதையைச் சொல்லவேண்டும். எங்கள் பக்கத்து வழமை உங்களுக்குத் தெரியும். பெண் மாப்பிள்ளை வீட்டுக்குப் போகிறதில்லை. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவான். பிள்ளை பெண்ணென்று பிறந்துவிட்டால் தகப்பன் அன்றைக்கே அவளுக்கு வீடு கட்டக் கல் அரியத் தொடங்கவேண்டும். அப்பா ஆறு வெள்ளாமை வெட்டி அக்காவுக்கு ஒரு வீடு கட்டியிருந்தார். கல்வீடு, ஓட்டுக்கூரை, சிவப்புச் சீமெந்துத் தரை. அப்பாவின் தங்கச்சி, எங்கள் மாமி, எழுவான்கரையில் இருந்தாள். அவளுடைய மகன்தான் மாப்பிள்ளை. ஆவணியில் கலியாணம் என்று பேசி முடித்திருந்தார்கள். ஆனியில் நாங்கள் ஓடிவந்துவிட்டோம்.

மாமி முதல் நாளே வந்து, தன் வீட்டில் வந்து இருக்கச் சொன்னாள். "சம்பந்தம் பேசின ஊட்டில, பொண்ணையும் கொண்டுபோய் வெச்சிக்கிட்டு நான் குந்திறதா? ஊர் சிரிக்காதா?" என்று அப்பா மறுத்துவிட்டார்.

மாமியின் மகன், அந்த மச்சானுக்குத் தோணித்தொழில். இரண்டு நாளைக்கு ஒருமுறை திரளியோ ஓராவோ ஒரு கோவை மீனோடு வருவார். அம்மாவோடு கதைப்பார். கண் மட்டும் அக்கா பக்கம் இருக்கும். ஒருநாள் அவருடைய சேட்டில் தோள்பக்கம் கிழிந்திருந்தது. அக்கா என்னிடம் கையை நீட்டி அதை வாங்கித் தரச் சொல்லி, கையாலேயே தைத்துக் கொடுத்தாள். "மிசின் இருந்தா ரெண்டு நிமிசம். காம்பில உள்ள சனத்துக்கெல்லாம் தைச்சுக் குடுக்கலாம்" என்றாள். என்னிடம் சொல்வதுபோல் அவருக்குச் சொன்னது அது.

எட்டாவது மாதம், அதே கண்ணாடி ஐயா படிவங்களோடு வந்தார். எழுவான்கரையில் அரசாங்கக் காணி பிரித்து, சின்னச் சின்னக் கல்வீடு கட்டித் தரப்போகிறார்கள். விரும்பினவர்கள் நிரந்தரக் குடியிருப்பாளர் என்று கையெழுத்து வைக்கவேண்டும். வெள்ளிக்கிழமையோடு பட்டியல் முடியும். "ஊர்க் காணி உங்கட காணிதான், அதை ஆரும் எடுக்க ஏலா" என்று அவர் மூன்று தரம் சொன்னார். அப்பா நம்பவில்லை. இந்தமுறை அவர் தமிழில் சொன்னார்.

மாமி கேள்விப்பட்டு ஓடிவந்தாள்.

"அண்ணே, தாறத்த எடு. புள்ளட பேருக்கு எழுது. அந்த ஊட்டுக்குள்ள கலியாணத்தச் செய்வம்."

"அங்க எண்ட புள்ளைக்கு நான் கட்டின ஊடு கிடக்கு தங்கச்சி. இஞ்ச நிரந்தரம் எண்டு எழுதிக் குடுத்தா அங்க நாம இல்லாத ஆக்கள்."

"ஊடு நிக்கிதா எண்டு ஆருக்குத் தெரியும்? ஷெல் உழாத ஊரா அது? போய்ப் பாத்திற்று வா. ஊடு நிண்டா நான் எத்தின மாசமெண்டாலும் பாத்துக்கிட்டு இரிக்கன். இல்லாட்டி வெள்ளிக்குள்ள கையெழுத்த வை. புள்ளைகளுக்கு வயசு போகுது."

அதில் ஒரு பிழையும் இல்லை. இன்றைக்கு நினைத்தாலும் அவள் கேட்டது நியாயம்தான். அப்பா வியாழக்கிழமை போய்வருவதாக ஒப்புக்கொண்டார். பாதை அப்போது பகலில் ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் இரண்டு கரையிலும் துவக்கோடு சென்ரிக் காவல். ஆம்பிளைகள் போகப் பயப்படுவார்கள்.

அன்று பின்னேரம் அக்கா அந்தப் படிவத்தை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். வீட்டுக்காரர் பெயர் எழுதுகிற கோட்டில் விரலை வைத்துப் பார்த்தாள். "ஒரு அறையும் குசினியும்தானாம். எங்களுக்குக் காணும்தானே?" என்று என்னிடம் கேட்டாள். எங்களுக்கு என்றால் யார் யாருக்கு என்று எனக்கு விளங்கியது. போதும், காணும் என்றேன்.

வியாழக்கிழமை விடியவே அப்பா போய்விட்டார். மத்தியானம் போல அம்மா என்னைத் துறைக்கு இறால் வாங்க அனுப்பினாள். மீன் விற்கிற இடத்துக்கு அப்பால், கண்ணாமரத்து நிழலில், வேட்டியை முழங்காலுக்கு மேலே சுருட்டிக்கொண்டு அப்பா இருந்தார். செருப்பைக் கழற்றிப் பக்கத்தில் வைத்திருந்தார். நான் போய் முன்னால் நின்றேன்.

"அப்பா, பாதை போகல்லியா?"

"போச்சு."

"நீங்க போகல்லியா?"

அவர் தண்ணீரையே பார்த்தார். பிறகு, "எனக்கு முன்னால நிண்ட ரெண்டு பேரக் கூப்பிட்டு ஒதுக்கி வெச்சிற்றானுகள். எனக்குக் கால் வரல்ல மகள்" என்றார். அப்பாவுக்குப் பயம் வரும் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். யானை வருகிற வட்டையில் தனியே காவல் கிடந்த மனிதர். அவரைப் பார்க்க எனக்கு அழுகை வந்தது.

"அக்காட்டச் சொல்லாத. மாமிட்டயும் சொல்லாத. ஊடு நிக்கிதெண்டு சொல்லுவன். நிக்கும்தான், எங்க போகப்போகுது? கொஞ்சம் அமைதியானதும் நான் போய்ப் பாத்திருவன்." என் கையைப் பிடித்தார். "இது டெம்பரிக்குத்தான் மகள்."

நான் தலையாட்டினேன். உண்மையைச் சொல்கிறேன், எனக்கு உள்ளுக்குள் பெருமையாகக்கூட இருந்தது. அம்மாவுக்கும் தெரியாத ஒன்றை அப்பா என்னிடம் தந்திருக்கிறார். டெம்பரி என்றால் கொஞ்ச நாளில் தானாகத் தீர்ந்துபோகும். அதில் என்ன பாவம்?

பொழுது படுவதற்கு முன் அப்பா கொட்டிலுக்கு வந்தார். மாமி வந்து காத்திருந்தாள். அப்பா செம்புத் தண்ணீரைக் குடித்துவிட்டுச் சொன்னார். "ஊடு நல்லாரிக்கி. ஒரு ஓடு கழரல்ல. பாதையால இறங்கி, சென்ரியில பேரச் சொல்லிற்று நேராப் போனன். ஒரு சோலியும் இல்ல." அதோடு நிறுத்தியிருக்கலாம். மனிதருக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை, அளவு தெரியவில்லை. அக்காவின் முகத்தைப் பார்த்து, "உண்ட மிசினும் அப்பிடியே கிடக்கு புள்ள. நீ கட்டின கயிறுகூட அவிழல்ல" என்றார்.

அக்கா சிரித்தாள். அப்படிச் சிரித்ததை நான் பிறகு பார்க்கவில்லை.

வெள்ளிக்கிழமை அப்பா கையெழுத்து வைக்கவில்லை. எங்களுக்கு வரவேண்டிய வீடு பக்கத்துக் கொட்டில்காரருக்குப் போயிற்று. அவர்கள் பால் காய்ச்சிய அன்று நாங்களும் போனோம். அக்கா அவர்களுக்கு வாசல் கூட்டிக் கோலம் போட்டுக் கொடுத்தாள். "எனக்கு இதவிடப் பெரிய ஊடு இரிக்கி" என்று அந்தப் பெண்ணிடம் பகிடியாகச் சொன்னதும் என் காதில் விழுந்தது.

இரண்டு மாதம் போனது. ஒரு காலை மச்சான் வந்தார். கையில் சுருட்டிய கயிறும் ஒரு சாக்கும். நாங்கள் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தோம்.

"மாமா, ஊட்டுக்குப் போய் மிசினைக் கொண்டு வந்திருவம் எண்டு பாக்கன். இவ கையால தைச்சுத் தைச்சு விரலெல்லாம் பொத்தல்."

அப்பாவின் கோப்பை வாய்க்குக் கிட்ட நின்றது. "இப்ப ஏன் மருமகன்? பிறகு பாப்பம்."

"நீங்க போய் வந்த வழிதானே மாமா. சோலி இல்லையெண்டு நீங்கதானே சொன்ன."

"அது... அண்டைக்கு. இண்டைக்கு எப்பிடியோ. இன்னும் கொஞ்சம் பொறுப்பம்."

"பின்னேரத்துக்குள்ள வந்திருவன்."

நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. சொல்லுங்க என்று மனதுக்குள் கத்தினேன். அவர் சொல்வார் என்று நான் இருந்தேன். நான் சொல்லிவிடுவேனோ என்று அவர் இருந்திருப்பார். இரண்டு பேரும் தேத்தண்ணீரைக் குடித்து முடித்தோம். அக்கா நாலு ரொட்டியை வாழையிலையில் சுற்றிக் கொடுத்தாள். மச்சான் சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு மணலில் நடந்து போனார். அக்கா தைத்த தோள்பக்கம் நூல் வேறு நிறமாக இருந்தது.

பின்னேரம் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. பாதையில் கூடப் போன ஒருவர், அவர் அக்கரையில் இறங்கியதைக் கண்டதாகச் சொன்னார். அதற்குப் பிறகு அவரைக் கண்டவர் யாரும் இல்லை.

மூன்றாம் நாள் மாமி வந்தாள். தலை முடியாமல், ஒரு காலில் மட்டும் செருப்போடு.

"அண்ணே, நீ போன வழியச் சொல்லு. எந்தச் சென்ரி, ஆரிட்டப் பேரச் சொன்ன, ஊட்டுக்கு எந்த ஒழுங்கையால போன? நான் அதே வழியால போய்க் கேக்கப்போறன்."

அப்பா துண்டால் முகத்தைத் துடைத்தார்.

"அண்ணே, உன்னிட்டத்தான் கேக்கன்."

"நான் போகல்ல தங்கச்சி" என்றார் அப்பா. "துறையிலதான் இருந்தன்."

மாமி அப்படியே மணலில் இருந்துவிட்டாள். அவள் திட்டுவாள், மண்ணை அள்ளித் தூற்றுவாள் என்று அம்மா அவளைப் பிடிக்க ஓடினாள். மாமி ஒன்றும் செய்யவில்லை. "ஓ" என்று மட்டும் சொன்னாள். அக்கா அடுப்படியில் அரிசி களைந்துகொண்டிருந்தாள். கை நின்றது. பிறகு திரும்பவும் களைந்தாள். தண்ணீர் தெளிந்த பிறகும், அரிசி உடைந்து போகும் வரையில், களைந்துகொண்டே இருந்தாள்.

அன்றிலிருந்து அக்கா அப்பாவோடு பேசவில்லை. சோறு போடுவாள், வேட்டி தோய்ப்பாள், காய்ச்சல் வந்தால் கஞ்சி வைப்பாள். பேச்சு மட்டும் இல்லை. படங்கு தகரமாயிற்று, தகரம் துருப்பிடித்தது. சண்டை முடிவதற்கு முன்பே அந்தக் கொட்டிலில் அப்பா செத்துப்போனார். அவர் கோழையாக இருந்தார் என்று சொன்னவர்கள் உண்டு, பிடிவாதக்காரர் என்று சொன்னவர்களும் உண்டு. எனக்கு இப்போது வேறொன்றுதான் தெரிகிறது. பெண்ணுக்குக் கட்டிய வீட்டை இல்லை என்று தன் வாயால் சொல்ல ஒரு தகப்பனால் முடியவில்லை. அவ்வளவுதான். அதற்கு இவ்வளவு பெரிய தண்டனை இருக்கும் என்று அவர் அறியார். இன்னொன்று. இத்தனை வருடத்தில் ஒருநாள்கூட, "சின்னவளுக்கும் தெரியும்" என்று அவர் யாரிடமும் சொல்லவில்லை. மொத்தப் பழியையும் தானே சுமந்துகொண்டு போனார்.

சண்டை முடிந்து ஊருக்குத் திரும்பினோம். வீடு இருந்த இடத்தில் சிவப்புத் தரை மட்டும் கிடந்தது, வெடிப்புகளுக்குள் எருக்கலை முளைத்திருந்தது. வீடு எப்போது விழுந்தது என்று சொல்ல ஆளில்லை. அக்காவுக்கு அந்தத் தரையிலேயே ஒரு சின்ன வீடு கட்டிக் கொடுத்தார்கள். மாமி கடைசிக் காலத்தில் அங்கேதான் வந்து இருந்தாள். காணாமல்போனவர்களைப் பதிகிற இடங்களுக்கெல்லாம் இரண்டு பேரும் சேர்ந்து போவார்கள். தாய் என்ற இடத்தில் மாமி கையெழுத்து வைப்பாள். அக்காவுக்கு அந்தப் படிவங்களில் இடமே இல்லை. அவள் மனைவியும் இல்லை, சகோதரியும் இல்லை. குடையைப் பிடித்துக்கொண்டு வெளியே நிற்பாள்.

மாமியும் போய்ச் சேர்ந்து இரண்டு வருடமாகிறது. நான் மாதம் ஒருமுறை அக்காவைப் பார்க்கப் போவேன். போன சித்திரைக்கும் போனேன். ஓரா மீன் சொதியும் கீரைச் சுண்டலும் வைத்திருந்தாள். என் தட்டில் நடுத்துண்டைத் தேடி வைத்துவிட்டு எனக்கு எதிரே இருந்தாள்.

"அம்மாக்குக்கூட அண்டைக்கே சந்தேகமாம்" என்றாள். "அப்பாட செருப்பில அக்கரைச் சேறு இல்லையாம். சாகக்குள்ளதான் சொன்னா. எல்லாரும் எனக்கு மறைச்சவங்கதான். நீ ஒருத்திதான் எனக்கிட்ட ஒண்டையும் மறைக்காத ஆள்."

நான் மீனில் முள் எடுத்துக்கொண்டிருந்தேன். ஓராவில் முள் அதிகம், பார்த்துத்தான் எடுக்கவேண்டும். சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அவளுக்கு இனி இந்த உலகத்தில் நம்ப இருக்கிறது நான் ஒருத்திதான் என்று நினைத்ததும் மூடிக்கொண்டேன்.

"சோறு ஆறப்போகுது, தின்னு" என்று சொல்லி, தன் துண்டிலிருந்தும் பாதியைப் பிய்த்து எனக்கு வைத்தாள்.